முட்டி வீக்கத்துக்கு மெக்னீசியம் மாத்திரை போடலாமா?

கேள்வி: வயது 54. சர்க்கரை உண்டு. வயிற்று எரிச்சலுக்கு மூன்று வருஷமாகத் தினம் பான்டோபிரசோல் போடுகிறேன். முட்டி வீங்கியிருக்கிறது என்று பார்த்ததில் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான சி.ஆர்.பி. 6 வந்தது. மெக்னீசியம் போட்டால் அழற்சி வற்றிவிடும் என்கிறார்கள். ஆனால் ரத்தத்தில் மெக்னீசியம் 1.9, நார்மல்தானாம். போடலாமா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: அந்த 1.9-ஐ மட்டும் நம்பாதீர்கள். உடம்பில் சுமார் 25 கிராம் மெக்னீசியம் இருக்கிறது. ரத்தச் சீரத்தில் இருப்பது அதில் 1 சதவீதத்துக்கும் குறைவு. அங்கே குறைந்தால் எலும்பு கொடுத்து ஈடுகட்டிவிடும். அதனால் கையிருப்பு கரைந்த பிறகும் ரிப்போர்ட் நார்மல் என்று வரலாம். உங்களுக்குக் குறைய இரண்டு வழி உண்டு. சர்க்கரை கூடினால் சிறுநீரோடு கழியும். பான்டோபிரசோலை வருஷக்கணக்கில் போட்டால் குடல் உறிஞ்சுவது குறையும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இன்னும் தேவையா என்று எழுதிக்கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள்.

மெக்னீசியம் வலி மாத்திரை அல்ல. செல்லுக்குள் கால்சியம் அளவுக்கு மீறி நுழையாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலைகளில் ஒன்று. மெக்னீசியம் குறைந்தால் நோய் எதிர்ப்புச் செல்கள் சின்னத் தூண்டலுக்கும் அழற்சி ரசாயனங்களைக் கொட்டும். ஆகவே குறைவு உள்ளவர்களுக்கும், சி.ஆர்.பி. 3-க்கு மேல் உள்ளவர்களுக்கும் மெக்னீசியம் போட்டால் அழற்சி ஓரளவு இறங்கலாம். தேய்ந்த முட்டி இதனால் வளராது. பல்லில் சீழ், காய்ச்சல் இருந்தாலும் சி.ஆர்.பி. ஏறும், அது ஆறி இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

மாத்திரை என்றால் முதலில் கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். கிட்னி பழுதானால் மெக்னீசியம் வெளியேறாமல் தேங்கும், அது ஆபத்து. அட்டையில் போட்டிருக்கும் எண்ணிலும் ஏமாறுவார்கள். மெக்னீசியம் சிட்ரேட் 500 மில்லிகிராம் என்றால் உள்ளே மெக்னீசியம் சுமார் 80 தான். ஆக்சைடு 400-ல் சுமார் 240. ஆனால் உடம்பில் சேர்வது சொற்பம், மிச்சம் பேதியாகப் போகும். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் 4 மணி நேர இடைவெளி விடுங்கள்.

என்னைக் கேட்டால் தட்டிலிருந்து தொடங்குவேன். 2020-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் பெண்களுக்குச் சொன்ன அளவு நாளுக்கு 370 மில்லிகிராம். வெள்ளை அரிசி 100 கிராமில் 20 தேறினால் அதிகம். 50 கிராம் கேழ்வரகு மாவில் 70. நம்மூர்க் களி அதற்காகவே உண்டானது போல. உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால் ஒரு சின்ன உருண்டை, கூடவே கடைந்த கீரை. மாவை இரவே கரைத்துப் புளிக்கவைத்துக் காய்ச்சும் கூழ் இன்னும் நல்லது. புளிக்கும்போது மெக்னீசியத்தைப் பிடித்துவைக்கும் ஃபைட்டிக் அமிலம் குறைகிறது. கீரை வெந்த தண்ணீரைக் கொட்டினால் சத்தில் ஒரு பகுதி சாக்கடைக்கு. ஒரு கைப்பிடி மல்லாட்டையில் (வேர்க்கடலை) 50. பரங்கிக்காய் நறுக்கும்போது வழித்து எறிகிற விதையைக் கழுவி, காயவைத்து, வறுத்து உரியுங்கள். அந்தப் பருப்பு 30 கிராமில் சுமார் 150 இருக்கிறது.

கேள்வி: ஆர்.ஓ. தண்ணீரில் மெக்னீசியம் போய்விடுமாமே? பழையபடி போர் தண்ணீரே குடிக்கலாமா?
- வாசகர், ராணிப்பேட்டை

பதில்: பெரும்பகுதி போய்விடும், உண்மைதான். ஆனால் லிட்டருக்கு 30 மில்லிகிராம் உள்ள தண்ணீரில் 2 லிட்டர் குடித்தாலும் கிடைப்பது 60. ஒன்றேகால் கைப்பிடி மல்லாட்டை. தோல் தொழிற்சாலைக் கழிவு இறங்கிய பாலாற்றங்கரை நிலத்தடி நீரை இதற்காகக் குடிக்க வேண்டாம். ஆர்.ஓ.வே இருக்கட்டும்.