‘முடியலை’ என்றால் எது முடியலை?

சொல் கேளுங்கள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ‘சோம்பல்’ என்ற சொல்லைப் பற்றி எழுதினாலும் எழுதினேன், வந்த கடிதங்களில் பாதி ஒரே பாட்டு: “எனக்கு இருப்பது சோம்பல் இல்லை, சோர்வு.” நம்புகிறேன். நம்பியதற்குக் கூலியாக இந்த இதழ் முழுக்கச் சோர்வுக்கே போய்விட்டது.

*

அம்மா, என் மாமியார் எதற்கெடுத்தாலும் ‘முடியலை’ என்கிறார். டாக்டர் “என்ன செய்யுது?” என்று கேட்டால் அதற்கும் ‘முடியலை’. வெளிநாட்டில் இருக்கும் மகன்தான் போனில் டாக்டருக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். இதை எப்படி மொழிபெயர்ப்பது?

இருபத்திரண்டு வருடம் இதுதான் என் வேலை. நோயாளிக்கு ஒரு மொழி, மருத்துவருக்கு ஒரு மொழி, நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் நான். ‘முடியலை’ என்னை அழ வைத்த சொல்.

யாரால் முடியவில்லை என்று அதில் இல்லை. எது முடியவில்லை என்றும் இல்லை. ஒற்றைச் சொல்லில் உடம்பு மொத்தத்தையும் கீழே வைத்துவிடுகிறோம். இலங்கைத் தமிழர் ‘ஏலாது’ என்பார்கள். அதுவும் இதே ஜாதிதான். இதைத் தூக்கி ‘வீக்னஸ்’ என்று மருத்துவர் கையில் கொடுத்தால் அவர் வேறொன்றைப் புரிந்துகொள்வார். அவர்கள் அகராதியில் வீக்னஸ் என்றால் தசையின் பலம் குறைவது. அதைச் சோதித்து 0 முதல் 5 வரை மதிப்பெண்கூடப் போடுவார்கள். அசைவே இல்லாவிட்டால் 0. புவியீர்ப்பை எதிர்த்துக் கையைத் தூக்க மட்டும் முடிந்தால் 3. நல்ல பலம் இருந்தால் 5. ‘ஃபட்டீக்’ வேறு. அதில் பலம் இருக்கும், அதை எடுத்துச் செலவழிக்க ஆள் இருக்காது.

அதனால் ‘முடியலை’க்கு முன்னால் ஒரு வினையைக் கேட்டு வாங்குங்கள். என்ன செய்ய முடியலை? எழுந்திருக்க என்றால், எதிலிருந்து? கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை என்றால் மருத்துவர் தொடைத் தசையைப் பார்ப்பார். காலையில் நன்றாக இருந்து சாயங்காலம் இமை சரிந்துவிடுகிறது, சற்றுக் கண்ணை மூடி ஓய்ந்தால் தேவலை என்றால் அதற்கென்று சில சோதனைகள் உண்டு. “எழுந்திருக்க முடியும், எழுந்து என்ன ஆகப்போகுது?” என்றால் அது வேறு கதவு. அந்தக் கதவையும் தட்டச் சொல்லுங்கள்.

ஒரு பாட்டியிடம் நாலு தரம் கேட்டேன். நாலு தரமும் ‘முடியலை’. ஐந்தாவது தரம் எரிச்சலோடு, “சீப்பு தலைக்கு வரமாட்டேங்குது” என்றார். கை தூக்கவில்லை என்று சொல்லவில்லை, சீப்புதான் வர மறுக்கிறதாம். அப்படியே சொன்னேன், ஒரு எழுத்து மாற்றாமல். அதுவரை மேசையில் கிடந்த பேனாவை மருத்துவர் அப்போதுதான் கையில் எடுத்தார்.

(இன்றைய பிள்ளைகள் சிரிப்பு தாங்காதபோதும், எரிச்சல் தாங்காதபோதும் ‘முடியல’ என்கிறார்கள். மாமியார் சொல்வது அது இல்லை என்று உறுதி செய்துகொள்ளவும்.)

*

‘பலவீனம்’ தமிழ்ச் சொல்லா?

இல்லை. பலம், ஹீனம் என்ற இரண்டு வடசொற்கள் சேர்ந்தது. அதற்காக அதைக் கீழே போட்டுவிட வேண்டாம், எல்லோருக்கும் புரிகிற சொல். என் குறை வேறு. அது வெறும் கழித்தல் கணக்கு: பலம் இருந்தது, இப்போது இல்லை. கிரேக்க ‘அஸ்தெனியா’வும் இப்படித்தான், பலம் என்ற ‘ஸ்தெனோஸ்’க்கு முன்னால் ஓர் ‘அ’. இந்தியில் ‘கம்ஸோரி’. பாரசீகத்தின் ‘கம்’ குறைவு, ‘ஸோர்’ வலு. இந்த இரண்டும் தனித்தனியாக நம்மிடம் எப்போதோ வந்து ‘கம்மி’, ‘ஜோர்’ என்று குடியேறிவிட்டன. சேர்ந்து வந்திருந்தால் நாமும் ‘இன்னிக்கு ஜோர் கம்மி’ என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

தொல்காப்பியம் உரியியலில் வேறு மாதிரி பார்க்கிறது. ‘ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய் ஆவயின் நான்கும் உள்ளதன் நுணுக்கம்.’ ஓய்வதும் சாய்வதும் என்ன? இருந்தது இல்லாமல் போவது அல்ல, இருப்பது நுணுகிப்போவது. மேலே சொன்ன 0 முதல் 5 வரையிலான மதிப்பெண் அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நூற்பா ஞாபகம் வரும். 5க்கும் 0க்கும் நடுவில் இருப்பவர்கள்தானே நோயாளிகளில் பெரும்பாலோர்? ‘உள்ளதன் நுணுக்கம்’ அவர்களுக்காகவே எழுதிய மாதிரி இருக்கிறது. அது இலக்கணம், மருத்துவம் இல்லை என்று தமிழாசிரியர்கள் சண்டைக்கு வரலாம். வரட்டும்.

*

மலையாள நண்பர் கொஞ்சம் அசதி என்றாலும் ‘க்ஷீணம்’ என்கிறார். இவ்வளவு பெரிய சொல்லா?

நமக்குத்தான் பெரிது. தேய்பிறை நிலவுக்கு வடமொழியில் போடுகிற சொல் அது. நாம் அதைக் ‘க்ஷீண தசை’ என்று குடும்பம் நொடித்துப்போவதற்கு எடுத்து வைத்துக்கொண்டோம். அவர்களுக்கு அது அன்றாடக் களைப்பு. பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது, நமக்கும் அவர்களுக்கும் பொதுவாக இருக்கிற சொல்லுக்குத்தான். இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். எனக்கு மலையாளம் அரைகுறை. தமிழ் தெரிந்தால் போதும் என்ற திமிர் முழுசு. ஒருவர் தன் அண்ணனைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து, “கை தளர்ந்நு போயி” என்றார். தளர்ந்துபோச்சு, அவ்வளவுதானே? “கை அசதியாக இருக்கிறதாம்” என்று மொழிபெயர்த்தேன். மருத்துவர் தலையாட்டி, காத்திருக்கச் சொன்னார். அண்ணன்காரர் பெஞ்சில் உட்கார்ந்து தம்ளரில் தண்ணீர் வாங்கினார். தம்ளர் விரல்களுக்கு நடுவிலிருந்து நழுவி மடியில் கொட்டியது. அவர் குனிந்து பார்க்கவில்லை, நனைந்தது தெரிந்த மாதிரியே இல்லை. மலையாளம் தெரிந்த ஒரு நர்ஸ், தம்பி என்ன சொன்னார் என்று கேட்டு, அடுத்த நொடி ஸ்ட்ரெச்சருக்குக் கத்தினார். மலையாளத்தில் ‘தளர்வாதம்’ என்றால் பக்கவாதம். அந்தக் கை களைத்துப்போகவில்லை, செயலிழந்து போயிருந்தது.

மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்து வரும் பக்கவாதத்தில், கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நான் வீணாக்கியது பத்து நிமிடம். அவர் பிழைத்தார். அந்தப் பத்து நிமிடத்தை நான் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

தளர்தல் என்றால் கட்டு நெகிழ்வது. முடிச்சு தளரும், பிடி தளரும். நடை பழகும் கண்ணனின் தத்தல் நடையைப் பெரியாழ்வார் ‘தளர்நடை’ என்கிறார். குழந்தையின் முதல் அடிக்கும் தம்ளர் நழுவிய கைக்கும் ஒரே வேர். எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை மொழி சொல்லாது, எதிரில் இருக்கும் ஆளைத்தான் பார்க்க வேண்டும்.

*

தெலுங்கில் ‘நீரஸம்’ என்றால் என்ன? நீர் சம்பந்தப்பட்டதா?

இல்லை, சாறு சம்பந்தப்பட்டது. ரசம் இல்லாதது நீரஸம். தெலுங்குக்காரர் ‘நீரஸங்கா உந்தி’ என்றால் உடம்பில் தெம்பில்லை. அதே சொல்லை இந்திக்காரரும் கன்னடக்காரரும் சொன்னால் உங்கள் பேச்சு சப்பென்று இருக்கிறது என்று அர்த்தம். கன்னடத்தில் களைப்புக்கு ‘சுஸ்து’. அதுவோ இந்தியில் மந்தம், சோம்பல். மூலமான பாரசீகத்தில் தொளதொள, வலுவற்றது. களைத்துப்போன கன்னடக்காரரை இந்திக்காரர் சோம்பேறி என்று நினைக்க இந்த ஒரு சொல் போதும்.

*

‘ஹிருதய தௌர்பல்யம்’ என்று கீதையில் வருகிறதே, அது இதய நோயா?

அர்ச்சுனனுக்கு ஈசிஜி தேவைப்படவில்லை. மனம் சோர்ந்ததைச் சொல்கிறது.

*

துருக்கித் தொடர்களில் ‘ஹஸ்தா’ என்கிறார்கள், நோயாளி என்று மொழிபெயர்ப்பு வருகிறது. இந்தியில் ‘கஸ்தா’ என்றால் மொறுமொறுப்பு. இரண்டும் ஒன்றா?

ஒன்றேதான். எனக்குப் பிடித்த நாடோடி இந்தச் சொல். பழைய பாரசீகக் கவிதைகளில் ‘கஸ்தே’ என்றால் காயம்பட்டவன். காயம் ஆறி, இன்றைய பாரசீகத்தில் வெறும் களைத்தவன். துருக்கிக்குப் போனபோது நோயாளியாகிவிட்டான். மருத்துவமனைக்கு அங்கே ‘ஹஸ்தானே’, நோயாளி வீடு. இந்திக்கு வந்தபோது உடைந்தது, நொறுங்கியது என்று அர்த்தம் தேய்ந்து, கடித்தால் நொறுங்குவது வரை வந்துவிட்டது. உடைந்து நொறுங்கிய நிலைமைக்கு ‘கஸ்தா ஹால்’ என்பதும் உண்டு.

ஈரானில் வேலை செய்துகொண்டிருப்பவரைப் பார்த்தால் ‘கஸ்தே நபாஷீத்’ என்று வாழ்த்துவார்கள். களைக்காமல் இருப்பீராக! ஜப்பானியர் வேலை முடிந்து பிரியும்போது ‘ஒட்சுகாரேசாமா’ என்கிறார்கள். அதில் இருப்பதும் களைப்புக்கான சொல்தான். ஒருவர் களைப்பு வேண்டாம் என்கிறார், மற்றவர் களைத்திருப்பீர்கள் என்று மரியாதை செய்கிறார். எனக்கு ஜப்பானியர் பக்கம் சாய்வு. நாள் முழுக்க அந்த ஸ்டூலில் உட்கார்ந்த பிறகு, களைத்திருப்பாய் என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும்தானே.

*

களைப்பாக இருந்தால் மறதியும் வருகிறது. இது எனக்கு மட்டுமா?

உங்களுக்கு மட்டும் என்றால் சொற்களில் பதிந்திருக்காது. ஆங்கிலத்தின் ‘லெதார்ஜி’யைப் பிரித்தால் கிரேக்க ‘லேத்தே’ மறதி, ‘ஆர்கோஸ்’ வேலையற்றது. லேத்தே அவர்களுடைய கீழுலகில் ஓடும் ஆறு. அந்தத் தண்ணீரைக் குடித்தவருக்கு எல்லாம் மறந்துவிடும். நம்மிடம் ஆறு இல்லை, படகு இருக்கிறது: ‘நெடுநீர் மறவி மடிதுயில் நான்கும் கெடுநீரார் காமக் கலன்.’ காலம் கடத்தல், மறதி, சோம்பல், தூக்கம் நான்கும் ஒரே கலத்தில்.

‘சோர்விலாள் பெண்’ என்ற குறளைக் காட்டி, மனைவி களைக்கவே கூடாது என்று வாதாடிய ஒருவரை எனக்குத் தெரியும். அங்கே சோர்வு என்பதற்குப் பரிமேலழகர் எழுதும் பொருள் ‘மறவி’. அவரிடம் சொன்னேன். அந்தப் பொருளை அவர் மறுநாளே மறந்துவிட்டார். சோர் என்றால் நழுவுதல், வடிதல். கண்ணீர் சோரும், ஆடை சோரும். பலமும் அப்படித்தான் சோர்கிறது, நினைவும் அப்படித்தான்.

இன்னும் விசித்திரம் ‘அயர்தல்’. மறப்பதும் அதுதான், களைப்பதும் அதுதான். ஆனால் சங்கப் பாடல்களில் விழா அயர்வார்கள், விருந்து அயர்வார்கள், விளையாட்டு அயர்வார்கள். அங்கே அது முனைந்து செய்வது, கொண்டாடுவது. முயற்சியும் அதன் விலையும் ஒரே சொல்லில். சிங்களத்தில் ‘மஹன்ஸி’ இன்றும் உழைப்பு, களைப்பு இரண்டுக்கும் நிற்கிறது. வடமொழியில் முயற்சியைக் குறித்த ‘ஆயாசம்’ நம்மிடம் வந்ததும் உட்கார்ந்துவிட்டது.

*

‘நரம்புத் தளர்ச்சி’ என்று உண்மையில் ஒரு நோய் உண்டா? விளம்பரங்களில் மட்டும்தான் பார்க்கிறேன்.

ஒரு காலத்தில் பெரிய இடத்து நோயாக இருந்தது. ஜார்ஜ் பியர்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1869-இல் ‘நியூரஸ்தெனியா’வைப் பற்றி எழுதிப் பரப்பினார். நரம்பின் சக்தி பேட்டரி போலத் தீர்ந்துவிடும் என்பது அவர் கணக்கு. மேற்கில் மவுசு குறைந்த பிறகும் சீனாவில் அது நிலைத்தது. ஆர்தர் கிளைன்மன் என்ற மருத்துவர் 1980-இல் ஹூனான் மாகாணத்தில் இந்தப் பெயர் சூட்டப்பட்ட 100 பேரைப் பரிசோதித்தார். 87 பேருக்கு இருந்தது மனச்சோர்வு நோய். மனம் என்று சொல்லக் கூச்சம், நரம்பு என்று சொன்னால் கௌரவம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் பத்தாம் பதிப்பு வரை இது தனி நோய். 2022-இல் நடைமுறைக்கு வந்த பதினொன்றாம் பதிப்பில் அப்படி இல்லை.

ஜப்பானியர் நியாயமான காரியம் செய்தார்கள். சீட்டுகளைக் கவிழ்த்துப் போட்டு ஜோடி கண்டுபிடிக்கும் விளையாட்டுக்கு இந்த நோயின் பெயரையே வைத்துவிட்டார்கள். விளையாடிப் பார்த்தால் பொருத்தம் புரியும். உங்கள் விளம்பரக்காரர் ‘தளர்ச்சி’ என்று எதைச் சொல்கிறார் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், நியூரஸ்தெனியா இல்லை.

*

நான் மலாய் பேசி வளர்ந்தவன். உடன் வேலை பார்க்கும் இந்தோனேசியர் விடுப்பு கேட்டு, ‘லெமாஸ்’ என்று செய்தி அனுப்பியிருக்கிறார். எனக்குத் தெரிந்த மலாயில் அது மூச்சுத் திணறி நீரில் மூழ்குவது. யாரைக் கூப்பிடுவது?

யாரையும் வேண்டாம். இந்தோனேசியாவில் அது கை கால் துவண்டு கிடப்பது. அவர் தண்ணீரில் இல்லை, கட்டிலில் இருக்கிறார். விடுப்பு கொடுங்கள்.