பையில் மால்ட் ஊறவைக்கும்போது எஃபிஷியன்சி ஏறி இறங்குவது ஏன்?

வணக்கம் நண்பரே. வீட்டில் பீர் காய்ச்ச, மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய தானியம்) பையில் போட்டு வெந்நீரில் ஊறவைக்கிறீர்கள். அதே 5 கிலோ மால்ட், அதே 27 லிட்டர் தண்ணீர், ஆனால் எஃபிஷியன்சி (மால்ட்டிலிருந்து கிடைக்கக்கூடிய சர்க்கரையில் எவ்வளவு உங்களுக்குக் கிடைத்தது என்ற சதவீதம்) ஒருமுறை 74, மறுமுறை 61 சதவீதம் என்கிறீர்கள். கடையில் அரைத்து வாங்குகிறீர்கள் என்பதால் என் முதல் சந்தேகம் அங்கேதான். கடை மில்லில் உருளை இடைவெளி ஒரே மாதிரி இருக்கும் என்று நம்ப முடியாது. பைக்கு 0.7 மி.மீ. வரை நெருக்கி அரைக்கலாம். ஒரு கை அள்ளிப் பாருங்கள். உடையாத முழு மணிகள் நிறையத் தெரிந்தால் இரண்டாவது முறை அரைக்கச் சொல்லுங்கள்.

அடுத்து, இழப்பு எங்கே என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பையைத் தூக்குவதற்கு முன் நன்றாகக் கலக்கி, கொஞ்சம் வோர்ட் (மால்ட் ஊறிய இனிப்பு நீர்) எடுத்து 20 டிகிரி செல்சியஸுக்கு ஆறவைத்து, அதன் அடர்த்தியை ஹைட்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். உங்கள் அளவுக்கு 1.050 பக்கம் வர வேண்டும் (வெறும் தண்ணீர் 1.000). 1.044 என்றால் மாவுச்சத்து முழுதாகச் சர்க்கரையாக மாறவில்லை: 66 டிகிரியில் இன்னும் 30 நிமிடம் விடுங்கள், மாவுக்கட்டிகளை உடையுங்கள், பிஎச் (அமிலத்தன்மையின் அளவு) 5.2 முதல் 5.6க்குள் இருக்கிறதா பாருங்கள்.

1.050 சரியாக வந்தும் எஃபிஷியன்சி குறைந்தால் சர்க்கரை பையில் தங்குகிறது. ஒவ்வொரு முறையும் ஒரே நேரம் தொங்கவிட்டு, ஒரே அளவு பிழியுங்கள். பிழிந்தால் துவர்க்கும் என்ற பயம் தேவையில்லை. துவர்ப்புக்குப் பெரும்பாலும் உயர்ந்த பிஎச்சும் அதிகச் சூடும்தான் காரணம்.

கொதிக்கும்போது அளந்தால், சூட்டில் விரிவதால், வோர்ட்டின் கொள்ளளவு 4 சதவீதம் கூடக் காட்டும். அதைக் கழித்தபின் எஃபிஷியன்சி போடுங்கள்.