வெர்ஷன் மாறினால் படிப்பு வீணா? பாம்பன் அக்காவுக்கு ஒரு பதில்

அன்புள்ள அக்காவுக்கு,

போன வாரம் நீங்களும் பிள்ளையும் பாம்பனில் பஸ் ஏறி ராமநாதபுரம் வந்து என் முன்னால் உட்கார்ந்தபோது, நீங்கள் கேட்டதற்கு முழுசாகப் பதில் சொல்ல நேரம் அமையவில்லை. வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். "மூணு வருசமா ஜாவா, ஸ்பிரிங்னு படிக்கிறா. இப்ப நாலாம் நம்பர் வந்துருச்சாம், பழசெல்லாம் செல்லாதாம். அப்ப படிச்சது அத்தனையும் வீணா தம்பி?" என்று கேட்டீர்கள். மதுரையில் ஒரு பயிற்சி மையம் 45,000 ரூபாய் கேட்கிறது என்றும் சொன்னீர்கள். இது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகு கரையில்தான் கிடக்கும், மராமத்துச் செலவு வேறு. நிவாரணமாக வரும் 8,000 ரூபாயை வைத்து ஓட்டுகிற வீட்டில் 45,000 என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வீணாகாது அக்கா. ஏன் என்று சொல்கிறேன், பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

வங்கி ஆப்பில் இருப்புத் தொகை பார்க்கிறீர்கள். திரைக்குப் பின்னால் கணக்கு எடுத்துக் கொடுக்க ஒரு நிரல் ஓடுகிறது. அப்படிப்பட்ட வேலைக்கு ஜாவா மொழியில் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் அடியிலிருந்து கட்டாமல் இருக்க, ஆயத்தமாகக் கிடைக்கும் சட்டகம்தான் ஸ்பிரிங். ராட் ஜான்சன் என்பவர் தொடங்கிவைத்தது, 2003-ல் வெளிவந்தது. அதை எடுத்துப் பயன்படுத்த யாருக்கும் ஒரு பைசா கொடுக்க வேண்டாம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கலாம். 2014-ல் அதன்மேல் ஸ்பிரிங் பூட் வந்து வேலையை இன்னும் லேசாக்கியது. பிள்ளை சொன்ன நாலாம் நம்பர் ஸ்பிரிங் பூட் 4.0. 2025 நவம்பரில் வந்தது.

எண்ணைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் நிரலின் ஒரு பகுதி தனக்கு வேண்டியதைத் தானே தேடிப் போகாமல் சட்டகமே கொண்டுவந்து கையில் கொடுக்கும் முறை 2003-ல் இருந்ததுதான் இன்றும். தரவுத்தளம், அதனிடம் கேட்டு வாங்கும் எஸ்க்யூஎல் மொழி, பிரவுசரிலிருந்து வரும் கோரிக்கையை வாங்கிப் பதில் தருவது, இவையும் அப்படியே. குறைந்தது ஜாவா 17 வேண்டும் என்ற விதிகூட 2022-ல் ஸ்பிரிங் பூட் 3.0 போட்ட விதிதான், 4.0-லும் மாறவில்லை. படகுக்கு எஞ்சின் மாற்றுகிறோம், பலகை மாற்றுகிறோம். அடிமரமான ஏரா அப்படியே கிடக்கிறது.

ஆனால் மாறுகிறதை அறியாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் அன்றைக்கே பார்த்தோம். பிள்ளை லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். திரை முழுக்கப் பிழை காட்டும் சிவப்புக் கோடு. "மூணு ராத்திரியா இதையே பாக்குறேன் சார், என் மண்டைக்கு இது ஏறாது போல" என்றாள். கண் கலங்கியிருந்தது. அவள் பார்த்துப் பார்த்து அடித்த வீடியோ பாடம் 2020-ல் எடுத்தது. அதில், தரவுத்தளத்தோடு பேச உதவும் தொகுப்பின் பெயர் ஜாவாக்ஸ் பெர்சிஸ்டன்ஸ் என்று இருந்த இடத்தில் இன்று ஜகார்த்தா பெர்சிஸ்டன்ஸ் என்று இருக்க வேண்டும். இரண்டு வரியில் அந்த ஒரு சொல்லை மாற்றச் சொன்னேன். சிவப்பு போய்விட்டது. அவளிடம் ஒரு குறையும் இல்லை அக்கா. ஜாவாவை வைத்திருக்கும் ஆரக்கிள் நிறுவனம், பெரிய நிறுவனங்களின் நிரல்களுக்கான ஜாவா இஇ என்ற தொகுப்பை 2017-ல் எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. பழைய பெயரை வைத்துக்கொண்டு மேலே வளர்க்க உரிமை கிடைக்கவில்லை. அதனால் புதுப் பெயர் வைத்தார்கள், ஸ்பிரிங் பூட் 3.0 அதற்கு மாறியது. புதுப் பதிப்போடு என்ன மாறியது என்று எழுதித் தரும் வெளியீட்டுக் குறிப்பிலேயே இது இருக்கிறது. யாரும் அவளை அதைப் படிக்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

என் மனதில் பெரிதாக இருப்பது இதுதான். அவளுக்கு இன்னொரு பாடத்தைவிட, ஸ்பிரிங்கில் என்ன வந்தது, என்ன போனது என்று தானே படித்தறியும் பழக்கம் வேண்டும். ஸ்பிரிங் பூட் பெரும்பாலும் மே மாதமும் நவம்பர் மாதமும் புதுப் பதிப்பு விடும். வருடத்துக்கு இரண்டு தடவை உட்கார்ந்து படித்தால் போதும். இடையில் பாதுகாப்பு எச்சரிக்கை வந்தால் மட்டும் அன்றைக்கே பார்க்க வேண்டும்.

அந்த எச்சரிக்கை எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு நடந்த கதை. ஸ்டிரட்ஸ் என்று இன்னொரு ஜாவா சட்டகம், அதுவும் இலவசம்தான். 2017 மார்ச்சில் அதில் ஒரு ஓட்டை தெரிந்து, அடைப்பும் உடனே வந்தது. அமெரிக்காவில் எக்விஃபாக்ஸ் என்ற கடன் தகவல் நிறுவனம் தன் கணினி ஒன்றில் அந்த அடைப்பைப் போடாமல் விட்டது. மே மாதம் உள்ளே நுழைந்தவர்கள் ஏறக்குறைய 14 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். ஸ்பிரிங்கிலும் 2022 மார்ச்சில் ஒரு பெரிய ஓட்டை வெளிப்பட்டு, அதே மாதம் சரிசெய்தார்கள். புயல் கூண்டு எத்தனாம் எண் ஏற்றியிருக்கிறது என்று பார்க்காமல் பாம்பனில் யாராவது கடலுக்குப் போவார்களா? நிறுவனங்களும் அதைப் பார்த்துச் சொல்லும் ஆளைத்தான் தேடுகின்றன.

உங்கள் அண்ணன் மகன் "இனி ஏஐயே புரோகிராம் எழுதிரும்" என்றாராம். எழுதுகிறது, பிள்ளையும் பயன்படுத்தட்டும். ஆனால் அது பழைய நிரல்களைப் படித்துப் பழகியது. லாகின் பாதுகாப்புக்கு எழுதச் சொன்னால், ஸ்பிரிங்கின் பாதுகாப்புப் பகுதியான ஸ்பிரிங் செக்யூரிட்டி 6.0-ல் நீக்கியே விட்ட பழைய முறையில் எழுதித் தந்ததை நானே பார்த்திருக்கிறேன். இது செல்லாது என்று சொல்ல விவரம் தெரிந்த ஒருவர் வேண்டும்.

இனி அந்த 45,000. இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 2023 கடைசியில் தொண்டிப் பக்கத்துப் பையன் ஒருவனை ஒரு மையத்துக்கு நானே அனுப்பினேன். அவர்கள் ஜாவா 8-ம் ஸ்பிரிங் பூட் 2-ம் நடத்தினார்கள். அந்த வரிசையின் கடைசிப் பதிப்பான 2.7-க்கு இலவச ஆதரவு அந்த நவம்பரோடு முடிந்திருந்தது. சென்னையில் நேர்முகத்தில் ஜகார்த்தா என்றால் என்ன என்று கேட்டதும் பையன் விழித்திருக்கிறான். எந்தப் பதிப்பு நடத்துகிறீர்கள் என்று ஒரு வார்த்தை நான் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும். நீங்கள் கேளுங்கள். "இப்ப எந்த வெர்ஷன் நடத்துறீங்க, போன வருசம் எது நடத்துனீங்க?" இரண்டுக்கும் ஒரே பதில் வந்தாலோ, "அதெல்லாம் வேலைக்குப் போனதும் தெரிஞ்சுக்கலாம்" என்றாலோ எழுந்து வந்துவிடுங்கள். முன்பணமும் கட்ட வேண்டாம். ஸ்பிரிங்கின் கையேடு முழுக்க இலவசம். பெட்கிளினிக் என்ற மாதிரி நிரலும் இலவசம், அதை இறக்கி ஓடவைத்துப் பிரித்துப் பார்த்தாலே ஒரு மாதப் பாடம் இருக்கிறது. ஆங்கிலம்தான் தடை. தினம் ஒரு பக்கம் அகராதியோடு படிக்கட்டும், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் வரும் 1,000 ரூபாயில் நெட் பேக் போட்டுக்கொள்ளட்டும். கல்லூரியில் அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டத்தில் என்ன வகுப்பு இருக்கிறது என்றும் கேட்கச் சொல்லுங்கள்.

அன்றைக்கு உங்கள் பையிலிருந்து ஒரு நோட்டு எடுத்தீர்களே, கருவாட்டுக் கணக்கு. நெத்திலி எத்தனை கிலோ, வாளை எத்தனை கிலோ, யார் எடுத்தது, எவ்வளவு பாக்கி. பாக்கி தீர்ந்த வரியைக் குறுக்கே அடித்திருந்தீர்கள். மடக்கின ஓரமெல்லாம் உப்புக் கறை. பிள்ளை செய்ய வேண்டிய புராஜெக்ட் அதுதான். அந்த நோட்டை ஸ்பிரிங் பூட் 3.5-ல் ஒரு சின்ன வலைச் செயலியாகக் கட்டட்டும். ஓடியபின் அதையே 4.0-க்கு மாற்றட்டும். எது உடைந்தது, ஏன் உடைந்தது, எப்படிச் சரிசெய்தாள் என்று, நிரல்களைப் பலரும் பார்க்கப் போட்டுவைக்கும் கிட்ஹப் தளத்தில் தேதி போட்டு எழுதி வைக்கட்டும். பழைய பதிப்பில் ஓடும் நிரல்களைப் புதியதற்கு மாற்றுவது இன்று நிறுவனங்களில் தனி வேலையாகவே நடக்கிறது. அதைச் செய்துகாட்டிய பிள்ளையிடம் நேர்முகத்தில் கேட்பதற்கு அவர்களுக்கு நிறைய இருக்கும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், முதல் வேலை உடனே கிடைக்கும் என்று நான் உறுதி தரமாட்டேன். மாதங்கள் ஆகலாம். முதலில் நிரலைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டிங் வேலை வந்தாலும் போகட்டும். சென்னை விடுதிச் செலவுக்கு அந்த 45,000 அப்போது தேவைப்படும்.

ஜூன் 14-க்குப் பிறகு படகு இறங்கிவிடும், உங்களுக்கும் கை ஓயாது. அதற்கு முன் ஒரு சனிக்கிழமை பிள்ளையை மட்டும் அனுப்பினாலும் சரி. நோட்டிலிருந்து பத்துப் பக்கம் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வரட்டும், எந்த அட்டவணை எப்படி இருக்க வேண்டும் என்று சேர்ந்து உட்கார்ந்து வரைந்துவிடலாம்.