டாக்டருக்கு போன் போடுவதற்கு முன்

கேள்வி: தனியார் மருத்துவமனையில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். "டோஸ் அதிகமாத் தெரியுதே" என்று கேட்டால், "எழுதினதைக் கொடுங்க, போதும்" என்று போனை வைத்துவிடுகிறார்கள். எப்படிச் சொன்னால் எடுபடும்?
– ஒரு மருந்தாளுநர், திருநெல்வேலி

பதில்: "அதிகமாத் தெரியுதே" என்பதில்தான் சிக்கல். இருபது நோயாளிகளுக்கு நடுவே நிற்பவருக்கு அதிலிருந்து ஒன்றும் பிடிபடாது. எண்ணோடு போங்கள்.

72 வயது அம்மா, எடை 60 கிலோ, கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, ரத்தத்தில் அளப்பது) 1.8 என்று வையுங்கள். ரத்தக்கட்டுக்கு எனாக்ஸபாரின் 60 மி.கி. ஊசி, காலையும் இரவும். 1.8-ஐப் பார்த்தால் பெரிய பயம் வராது. அதனால்தான் ரவுண்ட்ஸில் நழுவிவிடுகிறது. சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது (கிரியாட்டினின் கிளியரன்ஸ்) என்று சொல்லும் காக்ராஃப்ட்-கால்ட் கணக்கைப் போடுங்கள். 140-இல் வயதைக் கழித்தால் 68; எடையால் பெருக்கினால் 4,080. கிரியாட்டினினை 72-ஆல் (இது வயதல்ல, சூத்திரத்தில் உள்ள எண்) பெருக்கினால் 129.6. வகுத்தால் 31.5. பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்க, நிமிடத்துக்குச் சுமார் 27 மி.லி. இது 30-க்குக் கீழே போனால் மருந்து சரியாக வெளியேறாமல் உடம்பில் தேங்கும், ரத்தக்கசிவு அபாயம் கூடும். அப்போது சிகிச்சை டோஸ் கிலோவுக்கு 1 மி.கி., நாளைக்கு ஒரே வேளை.

இனி போனில் இவ்வளவு போதும்: "டாக்டர், 4-ஆம் வார்டு 12-ஆம் பெட் அம்மாவுக்கு கிரியாட்டினின் கிளியரன்ஸ் 27 வருது. எனாக்ஸபாரின் 60 ரெண்டு வேளை போகுது. ஒரு வேளையா மாத்திடலாமா? அடுத்த ஊசி ராத்திரி 9 மணிக்கு." தப்பு என்ற சொல்லே வேண்டாம். நோயாளி முன்னால் சொல்லவும் வேண்டாம்.

டாக்டர் மறுத்தால் காரணம் கேளுங்கள். கிரியாட்டினின் மளமளவென்று ஏறியோ இறங்கியோ வரும்போது இந்தக் கணக்கே பொய் சொல்லும். அந்த நிலவரம் படுக்கையருகே இருப்பவருக்குத்தான் முதலில் தெரியும். காரணமும் இல்லை, ஆபத்தும் இருக்கிறது என்றால் அந்த டோஸை நிறுத்திவைத்து, யூனிட் சீஃபிடம் பேசுங்கள். பேசிய நேரத்தையும் கிடைத்த பதிலையும் கேஸ் ஷீட்டில் எழுதிவிடுங்கள். வாய்ப்பேச்சோடு விட்டால் அடுத்த ஷிஃப்டில் பழைய டோஸே போகும்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. வயிற்று அமிலத்துக்கான பான்டோபிரசோல் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதற்கெல்லாம் தனித்தனியாகக் கூப்பிடாதீர்கள். சேர்த்துவைத்து ரவுண்ட்ஸ் முடிந்ததும் கேட்கலாம். சில்லறை போன்கள் பெருகினால் அவசர போனும் சில்லறையாகவே காதில் விழும்.

கேள்வி: டாக்டர் எழுதிய பிராண்ட் இல்லை என்று வேறு கம்பெனி மாத்திரை தருகிறார்கள். இது சரியா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: டாக்டரைக் கேட்காமல் தரக் கூடாது. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65-ஆம் விதி, அட்டவணை எச், எக்ஸ் மருந்துகளுக்கு (டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்பவை) இதைத் தெளிவாகத் தடுக்கிறது; உள்ளே அதே மருந்து இருந்தாலும்கூட. அரசு மருத்துவமனையில் இந்தச் சிக்கல் அவ்வளவாக வராது, தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அனுப்புவது ஜெனரிக் பெயரில்தான், அதாவது கம்பெனி வைத்த பெயரில் அல்ல, மருந்தின் பெயரிலேயே. வலிப்புக்கான ஃபெனிட்டாயின், உறுப்பு மாற்றியவர்கள் சாப்பிடும் டாக்ரோலிமஸ் போன்றவற்றில் கூடுதல் கவனம் வேண்டும். ரத்தத்தில் அளவு சற்றே மாறினாலும் பலன் மாறும்.

கேள்வி: நான் ஹவுஸ் சர்ஜன். ராத்திரி முழுக்க பார்மசியிலிருந்து போன். குறைக்க வழி உண்டா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: எழுதும் விதத்தை மாற்றினால் பாதித் தொல்லை போகும். "1.0" என்று எழுதினால், புள்ளி மங்கியதும் 10 ஆகிவிடும், 1 என்றே எழுதுங்கள். ".5" என்பது 5 ஆகும், 0.5 என்று எழுதுங்கள். இன்சுலினில் ஆங்கில 'யு' எழுத்து சைபராகத் தெரிந்து 10 யூனிட் 100 ஆன கதை உலகெங்கும் உண்டு. யூனிட் என்பதை முழுதாக எழுதுங்கள். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் என்றால் கிழமையையும் போடுங்கள், "ஞாயிறு மட்டும்" என்று. தினமும் சாப்பிட்டால் வாய் வெந்து, எலும்பு மஜ்ஜை படுத்துவிடும்.

குழந்தைகளுக்கு எடை, மி.கி., மி.லி. மூன்றும் சீட்டில் இருக்கட்டும். பாரசிட்டமால் டிரிப்பில் ஒரு மி.லி.க்கு 10 மி.கி. 45 மி.கி. என்பது 4.5 மி.லி.; அதை 45 மி.லி. என்று ஏற்றினால் பத்து மடங்கு.

போனில் டோஸ் சொன்னால் "ஃபிஃப்டீன்" என்று நிறுத்தாதீர்கள், "ஃபிஃப்டி" என்று கேட்கும். "ஒண்ணு, அஞ்சு" என்று இலக்கமாகவும் சொல்லி, எதிர்முனை திருப்பிப் படித்ததைக் கேட்டபிறகு வையுங்கள்.

இன்சுலின் வயல் (மருந்துக் குப்பி) நம் ஊரில் ஒரு மி.லி.க்கு 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு வலிமையில் வருகிறது. 100 வயலிலிருந்து 40-க்கான சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 50 யூனிட். ஆகவே சீட்டில் நீங்கள் வலிமையை எழுத வேண்டும். பார்மசி வயலோடு அதற்கான சிரிஞ்சையும் சேர்த்தே வார்டுக்கு அனுப்ப வேண்டும்.