வாசகர் கேள்வி – பதில்: அஸர்பைஜானின் எண்ணெய்

அஸர்பைஜான் நாட்டைப் பற்றி மலையகத்தின் பல ஊர்களிலிருந்து கேள்விகள் வந்திருப்பதால், இம்முறை பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியுள்ளோம்.

நமது தேயிலையை வாங்கும் நாடுகளின் பட்டியலில் அஸர்பைஜான் என்ற பெயரைக் கண்டேன். அது எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிய நாடு? – தொழிற்சாலை உத்தியோகத்தர், தலவாக்கலை

கஸ்பியன் கடலின் மேற்குக் கரையில், வடக்கே ரஷ்யாவுக்கும் தெற்கே ஈரானுக்கும் இடையில் இருக்கிறது. மேற்கில் ஜோர்ஜியாவும் ஆர்மேனியாவும் உள்ளன. பரப்பளவு 86,600 சதுர கிலோமீற்றர். இலங்கையை விடச் சற்றுப் பெரியது என்றாலும் மக்கள்தொகை ஏறத்தாழ 10 மில்லியன் மட்டுமே, அதாவது நம்மில் பாதிக்கும் குறைவு. நக்சிவான் என்னும் ஒரு பகுதி, இடையில் ஆர்மேனியா குறுக்கிடுவதால், தாய்நிலத்திலிருந்து துண்டாகக் கிடக்கிறது. துருக்கியுடனான சிறு எல்லை அங்குதான் உண்டு.

வடக்கே கௌகசஸ் மலைத்தொடரில் 4,466 மீற்றர் உயரமான பசார்டுசு சிகரம் நிற்கிறது. தலைநகரான பாக்கூவோ கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 28 மீற்றர் கீழே அமைந்திருக்கிறது. உலகத் தலைநகரங்களுள் மிகத் தாழ்வானது அதுவே. கஸ்பியன் சமுத்திரங்களோடு சேராத மூடிய நீர்நிலையாகையால் அதன் மட்டம் சமுத்திர மட்டத்தை விடத் தாழ்ந்திருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பதில் இதன் மேல்தான் நிற்கிறது.

எண்ணெய் எப்போது கண்டுபிடிக்கப்பட்டது? சமுத்திரத் துறைமுகம் இல்லாத நாடு அதை எப்படி ஏற்றுமதி செய்கிறது? – உயர்தர மாணவி, ஹட்டன்

பாக்கூ அமைந்திருக்கும் அப்செரோன் தீபகற்பத்தில் எண்ணெயும் எரிவாயுவும் தாமாகவே நிலத்திலிருந்து கசிந்து வந்ததால், அவற்றைப் பழங்காலம் முதலே மக்கள் அறிந்திருந்தனர். அங்கு சுரகானி என்னுமிடத்தில், நிலத்திலிருந்து எழுந்த எரிவாயுச் சுடரைச் சுற்றி இந்திய வணிகர்கள் கட்டிய வழிபாட்டிடம் ஒன்று உண்டு. அதன் சுவர்களில் சமஸ்கிருதக் கல்வெட்டுகளை இன்றும் காணலாம். அயலிலேயே எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கப்பட்டு வந்ததில் அந்த இயற்கைச் சுடர் 1969 இல் அணைந்துவிட்டது. இப்போது எரிவது குழாய் வழியாக வரும் வாயு. சுற்றுலாப் பயணிகளுக்கு இது பெரும்பாலும் தெரிவதில்லை.

இயந்திரத்தால் துளையிடும் முயற்சி பாக்கூவின் பீபி-ஹேய்பத் பகுதியில் 1840களிலேயே நடந்தது. பின்னர் சுவீடனின் நோபல் சகோதரர்கள் 1879 இல் அங்கு கம்பனி அமைத்தனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலக எண்ணெய் உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி பாக்கூவிலிருந்தே வந்தது. 1918 இல் பிறந்த சுதந்திரக் குடியரசு இரண்டு ஆண்டுகளே நீடித்து 1920 இல் செம்படையிடம் வீழ்ந்ததற்கும், இரண்டாம் உலகப்போரில் ஹிட்லரின் படைகள் கௌகசஸ் நோக்கி நகர்ந்ததற்கும் இந்த எண்ணெயே முக்கிய காரணமாயிற்று. 1949 முதல் சோவியத் அரசு கடலின் நடுவே பழைய கப்பல்களை மூழ்கடித்து அடித்தளமாக்கி, தூண்களின் மேல் வீதிகளும் குடியிருப்புகளும் கொண்ட ஒரு நகரையே எழுப்பி எண்ணெய் எடுத்தது.

உங்கள் இரண்டாவது கேள்விதான் 1991 இல் சுதந்திரம் பெற்ற அஸர்பைஜானின் தலையான கேள்வியாகவும் இருந்தது. 1994 செப்டெம்பரில் பிரித்தானியாவின் பீ.பி. உள்ளிட்ட வெளிநாட்டுக் கம்பனிகளுடன், நூற்றாண்டின் ஒப்பந்தம் என்று அங்கு அழைக்கப்படும் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. ஆனால் கடலடியிலிருந்து எடுக்கும் மசகு எண்ணெயை எந்த வழியாக வெளியே அனுப்புவது? ரஷ்யா வழியாக அனுப்பினால் பழைய எசமானின் கையில் குழாயின் திறப்பு இருக்கும். ஈரான் வழியை அமெரிக்கா விரும்பவில்லை. ஆர்மேனியாவுடனோ நகோர்னோ-கரபாக் நிலத்துக்காகப் போர் நடந்து அவ்வாண்டு மே மாதத்தில்தான் ஓய்ந்திருந்தது. எஞ்சியது ஜோர்ஜியா வழியாகச் சுற்றிப் போகும் பாதை. பாக்கூவிலிருந்து திபிலிசி வழியாகத் துருக்கியின் மத்தியதரைக்கடல் துறைமுகமான ஜெய்ஹான் வரை 1,768 கிலோமீற்றர் நீளக் குழாய், 2,800 மீற்றர் உயரம் வரை மலையேறி இறங்குகிறது. அதாவது நமது பீதுருதாலகாலையின் உச்சியை விட உயரத்தில் எண்ணெய் ஓடுகிறது. முதல் எண்ணெய் 2006 இல் ஜெய்ஹானை அடைந்தது. எரிவாயுவுக்கும் இதே திசையில் வேறு குழாய்கள் போடப்பட்டு 2020 இறுதியில் அவை இத்தாலியைத் தொட்டன. உக்ரைன் போருக்குப் பின்னர் ஐரோப்பா பாக்கூவைத் தேடி வருவதற்கு இதுவே காரணம்.

அங்கு நடப்பது மக்களாட்சியா, குடும்ப ஆட்சியா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், பண்டாரவளை

ஏட்டில் 1995ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி அது ஒரு குடியரசு: 125 உறுப்பினர் கொண்ட பாராளுமன்றம், மக்கள் நேரடியாகத் தெரிவு செய்யும் ஜனாதிபதி, தேர்தல்கள் எல்லாம் உண்டு. நடைமுறை வேறு. சோவியத் காலத்தில் உளவுத்துறைத் தலைவராகவும் பின்னர் 1969 முதல் 1982 வரை அக்குடியரசின் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவராகவும் இருந்த ஹெய்தர் அலியேவ், சுதந்திரத்துக்குப் பிந்திய குழப்பத்தினிடையே 1993 இல் மீண்டும் ஆட்சிக்கு வந்தார். 2003 இல் அவருடைய மகன் இல்ஹாம் அலியேவ் ஜனாதிபதியானார், இன்றும் அவரே. எத்தனை முறை போட்டியிடலாம் என்ற வரம்பு 2009 சர்வஜன வாக்கெடுப்பில் நீக்கப்பட்டது. பதவிக்காலம் 2016 இல் ஐந்தாண்டிலிருந்து ஏழாண்டாயிற்று. அவ்வாண்டு உருவாக்கப்பட்ட முதல் துணை ஜனாதிபதி பதவிக்கு 2017 இல் நியமிக்கப்பட்டவர் அவருடைய மனைவி மெஹ்ரிபான். 2024 பெப்ரவரியில் இல்ஹாம் 92 சதவீத வாக்குடன் வென்றதாக அறிவிக்கப்பட்ட தேர்தலில் உண்மையான போட்டி இருக்கவில்லை என்று ஐரோப்பியக் கண்காணிப்பாளர்கள் குறிப்பிட்டனர். உங்கள் கேள்விக்கு நேரான விடை இரண்டாவதுதான்.

ஆயினும் இதை அச்சத்தால் மட்டுமே நிற்கும் ஆட்சி என்று சொல்லிவிட முடியாது. 1990களில் இழந்த நிலத்தை 2020 இன் 44 நாள் போரிலும் 2023 செப்டெம்பர் நடவடிக்கையிலும் மீட்டதால் இல்ஹாமுக்கு நாட்டில் உண்மையான செல்வாக்குக் கூடியது. அந்த வெற்றியின் மறுபக்கமாக, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மேனியர் சில நாட்களுக்குள் கரபாக்கை விட்டு வெளியேறினர்.

இவ்வளவு எண்ணெய் உள்ள நாட்டில் வறியவர்கள் இருப்பார்களா? – வாசகி, மஸ்கெலியா

இருக்கிறார்கள். ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்கு எண்ணெய், எரிவாயுவிலிருந்து வருகிறது; ஆனால் அத்துறையில் நேரடியாக வேலை செய்பவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவே. உழைப்பாளரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் விவசாயத்தில் இருக்கிறார்கள். அவர்கள் உண்டாக்கும் பெறுமதியோ மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆறு சதவீதத்தை ஒட்டியது. நமது மலைகளில் தேயிலை வருமானம் வரவேண்டுமானால் காலையில் ஆயிரக்கணக்கான கைகள் மலைக்குப் போய்க் கொழுந்து பறிக்க வேண்டும். பறிப்பவருக்குக் கிடைப்பது போதாது என்பது வேறு வழக்கு, ஆனால் அந்தக் கைகள் நின்றால் தொழிற்சாலை நின்றுவிடும் என்ற ஒரு பலமாவது அவற்றுக்கு உண்டு. அஸர்பைஜானின் விவசாயி வேலையை நிறுத்தினாலும் குழாயில் எண்ணெய் ஓடிக்கொண்டே இருக்கும். அரசாங்க வருமானத்தில் பாதியளவு அந்தக் குழாயிலிருந்தே வருவதால், அரசுக்குக் குடிமக்களின் வரி அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. வரி கேட்காத அரசைக் கணக்குக் கேட்பதும் கடினம். பண்டாரவளை ஆசிரியரின் கேள்விக்கு அரைப் பங்கு விடை இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

வறுமை வெகுவாகக் குறைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2000களில் எண்ணெய்ப் பணம் பெருகியபோது வீதிகளும் பாடசாலைகளும் எழுந்தன, ஓய்வூதியங்கள் உயர்ந்தன. வருமானத்தில் ஒரு பகுதியைப் பிற்காலத்துக்குச் சேமிப்பதற்கென 1999 இல் அரச எண்ணெய் நிதியம் அமைக்கப்பட்டது. அது நல்ல ஏற்பாடு. ஆனாலும் உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்ததும், 2015 இல் நாணயமான மனாத் இரண்டு முறை மதிப்பிறக்கப்பட்டது. அவ்வாண்டின் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு 0.78 ஆக இருந்த மனாத், இப்போது பல ஆண்டுகளாக 1.70 இல் நிற்கிறது. டொலரில் கடன் வாங்கியிருந்த குடும்பங்கள் பட்ட பாட்டை, 2022ஐக் கண்ட நமக்கு விளக்க வேண்டியதில்லை.

எண்ணெய் உற்பத்தியும் இறங்குமுகமாகவே இருக்கிறது: 2010 இல் ஏறத்தாழ 50 மில்லியன் தொன், 2023 இல் ஏறத்தாழ 30 மில்லியன் தொன்.

அங்கும் தேயிலை விளைகிறதாமே? – வாசகர், ஹப்புத்தளை

ஆம். ஈரான் எல்லையை அண்டிய லங்கரான் பகுதியில் மழையும் மிதமான குளிரும் இருப்பதால் சோவியத் காலத்தில் அங்கு பெருந்தோட்டங்கள் அமைக்கப்பட்டன. குளிர்காலத்தில் செடி உறங்கிவிடுவதால், நம்மைப் போல் ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க முடியாது. 1991 க்குப் பின்னர் சோவியத் சந்தை கலைந்ததும் பெரும்பாலான தோட்டங்கள் கைவிடப்பட்டன. குடிக்கும் பழக்கம் மட்டும் குறையவில்லை. இடை ஒடுங்கிய சிறு கண்ணாடிக் குவளையில், பாலின்றி, கற்சர்க்கரையைக் கடித்துக்கொண்டே நாள் முழுவதும் சாயத் தேநீர் குடிக்கிறார்கள். இறக்குமதித் தேயிலையில் இலங்கைக்கு முக்கிய இடம் உண்டு.

அப்படியானால் அந்த எண்ணெயை நாம் வாங்கக் கூடாதா? – வாசகர், நுவரெலியா

வாங்கத் தடை எதுவும் இல்லை, கட்டுப்படியாகாது. அந்த எண்ணெய் மத்தியதரைக்கடலில் வந்து இறங்குவதால் இத்தாலி போன்ற அயல் நாடுகளே முதலில் வாங்கிவிடுகின்றன. கந்தகம் குறைந்த தரமான வகை என்பதால் விலையும் உயர்வு. கொழும்புக்குக் கொண்டுவரச் சுயஸ் கால்வாயைக் கடந்து கப்பல் கூலியும் கொடுக்க வேண்டும். 1969 இல் இயங்கத் தொடங்கிய சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் ஈரானிய மசகு எண்ணெய்க்கென வடிவமைக்கப்பட்டது. இன்று நமது தேவையில் பெரும்பகுதி ஏற்கனவே சுத்திகரிக்கப்பட்ட எரிபொருளாகவே வருகிறது. எண்ணெய்க்குத் தேயிலை கொடுக்கும் ஏற்பாடு நமக்கு இருப்பது ஈரானுடன்: முன்னர் வாங்கிய எண்ணெய்க்கான 251 மில்லியன் டொலர் கடனை, மாதம் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலையாகத் தீர்ப்பதற்கு 2021 டிசம்பரில் உடன்பாடு ஏற்பட்டது.