காரில் கூலண்டின் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலையை அளக்கும் சென்சார் பழுது என்று மெக்கானிக் சொல்கிறார்; மாற்றுவதற்கு முன் நாமே உறுதி செய்ய முடியுமா?

முடியும். என் பதினோரு வயது பெட்ரோல் காரில் பட்ட அனுபவத்தைச் சொல்கிறேன்.

இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது, மைலேஜ் குறைந்தது, புகையில் பெட்ரோல் வாடை. வண்டியின் கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரில் வந்தது பி0128. கூலண்ட் போதிய சூட்டை எட்டவில்லை என்று பொருள். மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை, அதாவது இன்ஜின் சூடாகும்வரை கூலண்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வை, மாற்றினார். (நம் ஊரில் சிலர் ‘இந்த வெயிலுக்கு இது எதற்கு’ என்று அதைக் கழற்றியே போட்டுவிடுவார்கள். அதனாலும் இதே குறியீடு வரும்.) நான்காம் நாள் விளக்கு மறுபடி எரிந்தது. அடுத்து வெப்பநிலை சென்சாரை மாற்றலாம் என்றார். ஒரு நாள் பொறுங்கள் என்று வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டேன்.

இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி, ஸ்கேனரில் கூலண்டின் வெப்பநிலையையும் இன்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பநிலையையும் பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். எனக்குக் காற்று 30 டிகிரி, கூலண்ட் 4 டிகிரி. மதுரையில் மார்கழி விடியலில்கூட 4 டிகிரி ஏது?

இந்த சென்சாரில் சூடு ஏற ஏற மின்தடை குறையும். குளிர்ந்த இன்ஜினில் சுமார் 2000 ஓம், நன்றாகச் சூடானால் 200, 300 ஓம். அதனால் சென்சாரில் செருகியிருக்கும் வயர் பிளக்கைக் கழற்றினால் ஸ்கேனர் திரை மைனஸ் 40 காட்டும். பிளக்கின் இரு முனைகளையும் சிறு கம்பியால் இணைத்தால் அளவு 130 டிகிரிக்கு மேல் எகிற வேண்டும். எனக்கு மைனஸ் 40 சரியாக வந்தது. கம்பியால் இணைத்தபோதோ 15 டிகிரியைத் தாண்டவில்லை. சென்சாரே இணைப்பில் இல்லாதபோது அதன்மேல் எப்படிப் பழி போடுவது? மல்டிமீட்டரில் அளந்தால் சென்சார் 1700 ஓம். ஒழுங்காகத்தான் இருந்தது. பிளக்கின் உள்ளே பார்த்தால் ஒரு முனையில் பச்சைக் களிம்பு! அது சேர்த்த மின்தடையை வண்டியின் கணினி குளிர் என்று நினைத்து, பெட்ரோலை அள்ளி ஊற்றியிருக்கிறது.

சுத்தம் செய்ததும் 29 டிகிரி காட்டியது. விளக்கு அதன்பின் வரவில்லை.

உங்கள் வண்டியிலும் கூலண்டின் வெப்பநிலை இப்படிக் குறைவாகக் காட்டினால் தள்ளிப்போடாதீர்கள். பல வண்டிகளில் ரேடியேட்டர் விசிறியை ஓடவைப்பதும் இதே சென்சார்தான். கணினி குளிர் என்று நம்பினால் விசிறி சுழலாது. சென்சாரைக் கழற்றத்தான் வேண்டுமென்றால் இன்ஜின் ஆறிய பிறகு கழற்றுங்கள். கொதிக்கும் கூலண்ட் முகத்தில் அடிக்கும்.