ஃபண்டை எடுத்து மெஷின் வாங்கலாமா?

கேள்வி: அக்கா, நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். வயது 36. 14 வருடமாக ஆடைத் தொழிற்சாலையில் காலர் தைக்கிறேன். பரதநாட்டிய உடை தைக்கக் கற்றுக்கொண்டு, அதையே தொழிலாக்க ஆசை. வேலையை விட்டுவிட்டு, பிராவிடண்ட் ஃபண்டை எடுத்து மெஷின்கள் வாங்கலாமா? சேமிப்பு 18,000 ராண்ட் இருக்கிறது.

பதில்: தங்கச்சி, தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள். வேலையை மட்டும் இப்போது விடாதீர்கள்.

2024 செப்டம்பர் 1-க்கு முன் சேர்ந்த பணத்தை, வேலையை விட்டால் எடுக்க முடியும். ஆனால் முதல் 27,500 ராண்டுக்குத்தான் வரி கிடையாது, அதுவும் ஆயுளுக்கு ஒரே தடவை. அதற்கு மேல் 18 சதவீதம். அப்படி 1,20,000 எடுத்தால் 16,650 ராண்ட் வரியாகவே போய்விடும். அந்தத் தேதிக்குப் பிறகு கட்டியதில் மூன்றில் இரண்டு பங்கு ஓய்வுக்காலம் வரை பூட்டிய பெட்டிதான். நீங்களாக ராஜினாமா செய்தால் யு.ஐ.எஃப். என்கிற வேலையின்மைக் காப்பீட்டுப் பணமும் வராது.

இன்னொன்றும் யோசியுங்கள். 14 வருடம் காலர் தைத்த கைக்கு நேர்த்தியும் வேகமும் இருக்கும். உங்களுக்கு இல்லாதது வெட்டுகிற பழக்கம். நாட்டிய உடைக்கு நின்றபடி மட்டும் அளவெடுத்தால் போதாது, பிள்ளையை அரைமண்டியில் உட்காரவைத்தும் எடுக்க வேண்டும். என் அண்ணி மகளின் அரங்கேற்றத்தில் அப்படி அளவெடுக்காமல் தைத்துவிட்டார்கள். அவள் அரைமண்டியில் உட்கார்ந்தபோது உடையின் முன்பக்க மடிப்பு விசிறி பாதிதான் விரிந்தது. அன்று அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு நடன வகுப்பில் பழைய உடை ஒன்றைக் கேட்டு வாங்கி, தையலைப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் பழுப்புத் தாளில் வரைந்து வையுங்கள். சனி, ஞாயிறுகளில் அனுபவமுள்ள ஒருவரிடம் உதவியாளராகப் போங்கள். சேமிப்பில் 3,000 ராண்டை இதற்கு ஒதுக்குங்கள். மீதி 15,000 அவசரத்துக்கு, அதைத் தொடாதீர்கள்.

அப்புறம் விலை. எல்லாரும் சறுக்குகிற இடம் இதுதான். பட்டுச் சேலை 1,800, லைனிங், கேன்வாஸ், கொக்கி எல்லாம் 350 என்று வைத்துக்கொள்வோம். வெட்ட, மடிப்பெடுக்க, தைக்க, சரிபார்க்க 22 மணி நேரம். மணிக்கு 60 ராண்ட் என்றாலே 1,320. ஆக 3,470. இதில் கரண்டும் மெஷின் தேய்மானமும் இன்னும் சேரவில்லை. ‘நம்ம பிள்ளைதானே’ என்று 2,500-க்கு ஒத்துக்கொண்டால், 22 மணி நேரத்துக்கு 350 ராண்ட்தான் கையில் நிற்கும். துணிப்பணத்தை முழுதாக முன்பணமாக வாங்காமல் கத்திரியை எடுக்காதீர்கள். கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதி நீட்டிவிடுங்கள்.

தையலுக்குள் இரண்டு அங்குலம் துணி விட்டுத் தையுங்கள். பிள்ளைகள் வளர்ந்ததும் அதே உடையைப் பிரித்துப் பெரிதாக்க உங்களிடமே வருவார்கள். துணிச் செலவில்லாத நல்ல வருமானம் அது.

சொந்தத் தொழில் வருமானத்தை வரித்துறையான சார்ஸிடம் காட்ட வேண்டும். ஆகஸ்ட் கடைசியிலும் பிப்ரவரி கடைசியிலும் தற்காலிக வரிப் படிவம் போடணும். ரசீதுகளை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டே வாருங்கள், போதும்.

முதல் மெஷினைத் தையல் கூலியிலிருந்தே வாங்குங்கள். தொடர்ந்து ஆறு மாதம் உங்கள் சம்பளத்தில் பாதியாவது தையலில் வந்தால், அந்தக் கணக்கோடு மறுபடி எழுதுங்கள். வேலையை விடுவதைப் பற்றி அப்போது பேசலாம்.